இடது காலுக்கு இப்போது வேலை இல்லை

கத்திப்பாரா ஏறும்போதுதான் தெரிந்தது.
மூன்றாம் கியர். மிதிக்கிறேன்.
என்ஜின் அலறுகிறது, முள் நாலாயிரத்தைத் தொடுகிறது,
வண்டி மட்டும்
காதில் வாங்காமல்
அதே முப்பதில்.

பின்னால் கோயம்பேடு பஸ்
என் டிக்கியில் ஏறி உட்காரப் பார்க்கிறது.
ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால்
கருகல் வாசனை.
குக்கர் கேஸ்கட்டா, இஸ்திரிப் பெட்டி வயரா,
என்னவென்று சொல்ல வராத,
ஆனால் யாரையாவது திட்டியே தீரவேண்டிய வாசனை.

திட்டினேன்,
பாலம் இறங்கி ஓரங்கட்டியதும், போனில்.
"ஞாயித்துக்கிழமை நீதானே எடுத்துட்டுப் போனே?"
"பெசன்ட் நகர் வரைக்கும். அவ்வளவுதான்" என்றான் எட்வின்.
அவ்வளவுதான் என்கிறவர்களை
நான் நம்புவதில்லை.

புதுப்பேட்டையில்
கழற்றிய கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கும் சந்து.
கவுஸ் பேனட்டைத் திறக்கவே இல்லை.
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து
ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தார்.
நாலாவது கியர்.
கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து
கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.
"நல்ல கிளட்ச்னா இப்போ ஆஃப் ஆயிடணும்."

ஆகவில்லை.
நின்ற இடத்தில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.
அணைந்துவிடு, அணைந்துவிடு என்று
ஒரு வண்டியிடம் கெஞ்சியது
அதுதான் முதல் தடவை.

கேபிளைப் பார்த்தார்; தளர்வு சரியாக இருந்தது.
கழற்றியபின், ஆயில் கசிந்திருக்கிறதா என்று
விரலால் தடவி
லைட்டில் காட்டினார்; காய்ந்த கறுப்புத் தூள்.
பிளேட்தான்.
ஏழாயிரத்து எண்ணூறு, கூலியோடு.

பிளேட்டை என் கையில் வைத்தபோது
இன்னும் சூடாக இருக்குமென்று நினைத்தேன்.
இல்லை. சும்மா தேய்ந்திருந்தது.
ரிவெட் தலைகள் மேலே வந்து
மற்ற இரும்பைக் கீறியிருந்தன.
"யாரு ஓட்டுறது?"
"என் வீட்டுக்காரரும் ஓட்டுவாரு" என்றேன்,
அந்த 'உம்'மின் மேல்
ஏழாயிரத்து எண்ணூறையும் ஏற்றி.

கவுஸ் பதில் சொல்லவில்லை.
கீழே கிடந்த மேட்டை எடுத்து
வெயிலில் விரித்தார்.
கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே ஒரு குழி,
குதிகால் ஊன்றி ஊன்றி விழுந்தது.
என் செருப்பு ஐந்தாம் நம்பர்.
எட்வினுக்குப் பத்து.
அவர் குழியைப் பார்த்தார்,
என் காலைப் பார்த்தார்,
பிறகு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்
டிரைவிங் ஸ்கூலில் கத்தினார்கள்:
கிளட்ச்சை விடாதீங்க மேடம், விடாதீங்க.
நான் விடவில்லை.
சிக்னலில் விடவில்லை,
காலியான ஈசிஆரில் விடவில்லை,
மேட்டில் பிரேக்கை நம்பாமல்
பாதி மிதித்து, பாதி தூக்கி
வண்டியைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மிதிப்பதாகக்கூட நினைக்கவில்லை.
சும்மா மேலே வைத்திருந்தேன்,
தூங்கும் குழந்தைமேல் கை வைத்திருப்பதுபோல.
அந்தக் கையின் கனத்திலேயே
தேய்ந்திருக்கிறது.

திரும்பும் வழி. நந்தனம் சிக்னல்,
நூற்றெட்டு விநாடி.
நியூட்ரல். ஹேண்ட் பிரேக்.
காலை எடுத்து இடது ஓரமாக வைத்தேன்.
புது வீட்டுக்கு வந்த பூனை மாதிரி
அது பெடலையே பார்த்துக்கொண்டிருந்தது.
சைதாப்பேட்டைக்குள் இரண்டு முறை ஓடிப்போனது;
இரண்டு முறையும் பிடித்து வந்தேன்.

கத்திப்பாரா.
மூன்றாம் கியர். மிதித்தேன்.
முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின.
வளைவில், மேலே மெட்ரோ ஒன்று
எங்களை முந்திக்கொண்டு போனது; போகட்டும்.

எட்வினிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
மேட்டை மட்டும்
புதிதாக மாற்றிவிட்டேன்.